அத்தானின் கரைகள்

அப்பா செத்த வருஷம் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போயிருந்தோம். பெரியப்பாவின் மகன் இடுப்பளவு தண்ணீரில் நின்று எள்ளும் நீரும் இறைத்தார். ஐயர் மந்திரம் சொன்னார். தர்ப்பைத் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்ற அத்தான் கடலையே பார்த்துக்கொண்டிருந்தவர், மந்திரத்தின் நடுவில் வாயைத் திறந்தார்.

“லங்காவியிலை மலை நேரை தண்ணிக்கை இறங்கி நிக்கும் ஐயா. பார்க்க அதுதான் வடிவு. ஆனால் பாயோடுறதுக்கு நான் உந்தக் கடலைத்தான் சொல்லுவன். காற்றை மறிக்க ஒண்டுமில்லை.”

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். சுற்றி நின்று பிதிர்க்கடன் செய்த ஊரவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கரையில் என் பக்கத்தில் நின்ற அக்கா, முகம் துடைப்பதுபோலச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் நாங்கள் அதிகம் பார்த்தது மணலும் நிலமும்தான். அத்தானோடு வெளியில் போனால் தலை நிமிர்ந்து வர முடியாது.

அத்தான் என் அக்காவின் புருஷன். உரும்பிராயில் எங்கள் வளவிலேயே குடியிருந்தார். மலாயாவில் ரயில்வே கிளாக்கராக இருந்து, பென்ஷன் எடுத்துக்கொண்டு வந்தவர். அப்படி வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் பலர் இருந்தார்கள். கல்வீடு கட்டுவார்கள், புகையிலைத் தோட்டம் வாங்குவார்கள், கோயில் திருவிழாவில் ஒருநாள் உபயம் எடுப்பார்கள். அத்தான் ஒரு வள்ளம் வாங்கினார்.

அங்கே அவருடைய துரை ஒருவனுக்குப் பாய்வள்ளம் ஓடுவதில் பைத்தியமாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கயிறு பிடிக்க அத்தானைக் கூட்டிக்கொண்டு போவானாம். பினாங்கு, லங்காவி, பங்கோர் என்று மலாயாக் கரை முழுவதையும் அந்த வள்ளத்தில்தான் அவர் பார்த்தார். துரை சீமைக்குப் போய்விட்டான். பைத்தியம் அத்தானிடம் தங்கிவிட்டது.

குருநகரில் ஒரு பழைய மீன்பிடி வள்ளத்தை வாங்கி, புதுப் பாய்மரம் நட்டு, வெள்ளைப் பூச்சுப் பூசினார். அதை ஓட்டுவதற்குச் சூசை என்ற கத்தோலிக்கர் ஒருவரைக் கூட்டாக வைத்துக்கொண்டார். குருநகரிலேயே பிறந்து வளர்ந்த கடற்றொழிலாளி. அத்தானைவிடச் சில வயது இளையவர். கிழமையில் ஒருநாள் இருவரும் தீவுப்பக்கம் போய்ப் பொழுதுபடத் திரும்புவார்கள்.

ஊருக்கு இது விளங்கவேயில்லை. கடலுக்குப் போகிறவன் மீனுக்குப் போக வேண்டும், அல்லது சாமான் ஏற்றப் போக வேண்டும். வெள்ளாளனாகப் பிறந்த ஒருவர் கரைக்குப் போய், மீன்பிடிச் சாதியான கரையார் ஒருவரோடு வள்ளத்தில் ஏறி, வெறுங்கையோடு திரும்பி வருவதென்றால்? கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரி என்னைக் கேட்டாள்.

“உங்கடை அத்தான் என்ன மீன் பிடிக்கிறவர், பிள்ளை?”

“மீன் பிடிக்கிறேல்லை.”

“அப்ப என்னத்துக்குப் போறவர்?”

“சும்மா பாக்க.”

“கடலிலை என்ன கிடக்கு பாக்க?”

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அத்தானிடம் அதற்குப் பதில் இருந்தது, அதுதான் பெரிய கரைச்சல். யார் எதைக் கேட்டாலும் அவருடைய பதில் ஒரு கரையில் தொடங்கி இன்னொரு கரையில் முடியும். சாப்பிட இருந்தால் சோற்றைக் கோபுரம்போலக் குவித்து, சுற்றிவரச் சொதியை விடுவார். “இது லங்காவி. பாத்தியோ, இடையிலை ஓடுற தண்ணி எவ்வளவு ஆழம்.” பிறகு அதே சோற்றை உள்ளங்கையால் தட்டையாகப் பரப்புவார். “இது எங்கடை தீவுகள். தூரத்திலை இருந்து பார்த்தா நிலம் தெரியாது, பனந்தலை மட்டும்தான் தெரியும். தண்ணிக்கை பனை முளைச்ச மாதிரி.” அக்கா அகப்பையோடு நின்று, “சாப்பாட்டிலை விளையாடாதேங்கோ” என்பாள். அவர் அதையும் கேட்காமல் காற்றுப் பேச்சுக்குப் போய்விடுவார். மலாயாவில் விடியப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் சுமாத்திராப் பக்கமிருந்து ஒரு புயல் வந்து பாயைக் கிழிக்கும். இங்கே சோளகக் காற்றுத் தொடங்கினால் மாதக்கணக்கில் ஒரே சீராக அடிக்கும். ஆகவே எது மேல்?

“பாக்கிற கரை வேறை, ஓடுற கரை வேறை” என்று அடிக்கடி சொல்லுவார். அதைச் சொல்லும்போது கண்ணைச் சுருக்கிக்கொள்வார். கொடியில் காயும் சேலை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக் காற்றுச் சொல்லுவார். செத்தவீட்டில் பந்தலுக்குக் கீழே இருந்துகொண்டு பந்தல் சீலையைப் பார்த்து, “கொண்டல் திரும்புது” என்று சொன்னதற்கு அக்கா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

ஒருமுறை நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு நானும் அக்காவும் சனத்தோடு சனமாக வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை வள்ளம் பாய் நிரம்ப வந்தது. அதில் அத்தான் தலைப்பாகையோடு நின்று எங்களைப் பார்த்துக் கைலேஞ்சித் துண்டை ஆட்டினார். பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படியாக, “பங்கோரிலையும் இப்பிடித்தான், தீவைச் சுத்தி வந்தாக் கோயில் தெரியும்” என்று கத்தினார். வள்ளத்தில் இருந்த சனம் சிரித்தது. பக்கத்தில் இருந்த மனிசி அக்காவின் முழங்கையைத் தட்டி, “ஆர் உவர்? உங்களைப் பாத்தெல்லோ கையைக் காட்டுறார்” என்று கேட்டாள்.

“ஆரோ தெரியாது” என்றாள் அக்கா.

நானும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அத்தானின் வள்ளம் எங்களை முந்திக்கொண்டு போயிற்று. அவருடைய கைலேஞ்சி கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்து, பிறகு நின்றது.

அப்பா இல்லாத வீட்டில் எனக்குக் கலியாணம் பேச வேண்டியவர் அத்தான்தான். இரண்டு சம்பந்தம் வந்து தப்பிப்போனது. “பெட்டை நல்லது. அந்த வள்ளக்கார அத்தானைத்தான் யோசிக்க வேண்டிக் கிடக்கு” என்று ஒரு பகுதியார் சொன்னது எங்கள் காதுக்கும் வந்தது. அக்கா அதை அத்தானிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் வேறு யார் மூலமோ கேள்விப்பட்டிருக்க வேண்டும். மூன்றாவது சம்பந்தம் வந்தபோது குளித்துத் திருநீறு பூசி, காலைமுதல் ஒரு கரையையும் பற்றிப் பேசாமல் இருந்தார்.

வந்தவர்கள் புத்தூர் ஆட்கள். மாப்பிள்ளையின் தகப்பன் திருகோணமலையில் நெடுங்காலம் நில அளவை வேலை பார்த்தவர். கடுமையான ஆசாரக்காரர் என்று பெயர். நானும் அக்காவும் கதவுக்குப் பின்னால் நின்றோம். சீதனப் பேச்சு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது அந்த மனிதர், ஏதோ பேச்சுவாக்கில், “கடற்கரை எண்டால் திருகோணமலைதான். இந்த உலகத்திலை அதுக்கு இணை இல்லை” என்றார்.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

பிறகு அத்தானின் குரல் வந்தது. “பாக்கிறதுக்கோ, ஓடுறதுக்கோ?”

“என்ன கேட்டியள்?”

“பாக்கிறதுக்கு வடிவுதான். நான் இல்லையெண்டேல்லை. கோணேசர் மலையடியிலை தண்ணி இருக்கிற நிறம் லங்காவியிலையும் இல்லை. ஆனால் மலைக்குப் பின்னாலை போனாக் காற்று செத்துப்போம். மூலையாலை வெளிக்கிட்டா ஒரேயடியா வந்து அடிக்கும். வாடைக்காலத்திலை வெளிக்கடல் பக்கம் தலை காட்டேலாது.”

“உங்கடை கடல் மட்டும் என்ன திறமோ? கழுத்தளவு தண்ணி.”

“அதுதான் நான் சொல்லுறது. வள்ளம் கவிண்டாலும் எழும்பி நிண்டாத் தலை வெளியிலை. தீவுக்குத் தீவு கிட்ட. காலமை வெளிக்கிட்டா ஒரு கரை, மத்தியானம் ஒரு கரை. இப்பிடி ஒரு இடம் நான் மலாயாவிலை காணேல்லை.”

அக்கா அழத் தொடங்கிவிட்டாள். மூன்றாவதும் போயிற்று என்று நானும் நினைத்தேன். உள்ளே அந்த மனிதர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

“அப்பிடியெண்டால் ஒருக்காக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. நானும் பாக்கிறன்.”

அந்தப் பயணத்தில் போனவர்கள் நான்கு பேர். அத்தான், மாப்பிள்ளையின் தகப்பன், மாப்பிள்ளை, சூசை. நடந்ததை எனக்குச் சொன்னவர் அந்த மாப்பிள்ளை. பிறகு அவரே என் கணவரானார். ஆனால் கலியாணம் முடிந்து வெகுகாலம் இதை அவர் என்னிடம் சொல்லவில்லை.

காலையில் காற்று நன்றாக இருந்ததாம். மண்டைதீவைக் கடந்து போகும்வரை அத்தான் வாய் ஓயாமல் காட்டிக்கொண்டு வந்தாராம். மாமாவும் (தகப்பனாரை நான் பிறகு அப்படித்தான் கூப்பிட்டேன்) உள்ளுக்குள் சந்தோஷப்பட்டதாகவே தெரிந்ததாம். அதனால் அத்தானுக்கு ஆசை மிஞ்சிவிட்டது. பனந்தலைகள் தண்ணீரில் நிற்பதுபோலத் தெரியும் இடத்தைக் கிட்ட இருந்து காட்டவேண்டும் என்று, சுக்கானைத் தன் கையில் வாங்கி, வழக்கமான வழியை விட்டு ஒதுக்கினார். வள்ளம் சேற்றில் ஏறி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அக்கா கொடுத்துவிட்ட தண்ணீர்க் கூஜா உருண்டு மூடி கழன்று ஊற்றுண்டு போயிற்று. அத்தோடு காற்றும் விழுந்தது.

முழங்காலளவு தண்ணீர். கரை தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது. அதுவரை இறங்கி நடக்கச் சேறு விடாது. தலைக்கு மேலே வெயில். சூசை வள்ளத்துப் பாயை இறக்கி மூன்று பேருக்கும் நிழலாகக் கட்டிக்கொடுத்தார். மத்தியானம் கழிந்தது. மாமாவுக்கு உதடு காய்ந்து வெடித்துவிட்டது.

வள்ளத்தின் பின்பக்கம் சூசையின் மண்முட்டி ஒன்று சாக்குச் சுற்றி இருந்தது. அதில் நிறையத் தண்ணீர் இருந்தது. எல்லாருக்கும் அது தெரியும். எங்கள் ஆட்கள் கரையார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. அதுவும் எல்லாருக்கும் தெரியும். மாமாவும் மாப்பிள்ளையும் முட்டியைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சூசை முட்டியைத் திறந்து தகரப்பேணியில் தண்ணீர் வார்த்தார். வார்த்து, ஒரு யோசனையும் இல்லாமல், நேராக அத்தானிடம் நீட்டினார். முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டுத் தான் குடிக்கிற வழக்கம் அந்தக் கையில் இருந்தது என்று என் கணவர் சொன்னார். பார்த்த உடனே அவருக்கு விளங்கிவிட்டதாம், இந்த இரண்டு பேரும் இந்தப் பேணியில்தான் இவ்வளவு காலமும் குடித்து வருகிறார்கள் என்று.

அத்தானின் கை பாதி எழும்பியது. பிறகு அவர் மாமாவைப் பார்த்தார்.

“எனக்குத் தாகமில்லை” என்றார். “உதை ஏன் எனக்கு நீட்டுறாய்?”

சூசை பேணியைப் பின்னுக்கு இழுத்தாராம்.

“கைத்தவறு ஐயா” என்றார். “தெரியாமல் நீட்டிப்போட்டன்.”

பேணியைக் கடலில் கவிழ்த்தார். முட்டியை மூடிச் சாக்கைச் சுற்றினார். அதற்குப் பிறகு அவரும் குடிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு வள்ளத்தை இழுக்கத் தொடங்கினார். அத்தானும் இறங்கப் போனார். மாமா, “நீங்கள் ஏன் இறங்குறியள், அவன் இழுப்பான்தானே” என்றார். அத்தான் இருந்துவிட்டார்.

பின்னேரம் தண்ணீர் ஏறி, காற்றும் எழும்ப, வள்ளம் மிதந்தது. அன்று அத்தான் வீட்டுக்கு வந்து நேரே கிணற்றடிக்குப் போனது எனக்கு நல்ல ஞாபகம். நான்தான் அள்ளிக் கொடுத்தேன். வாளியைக் கையில் வாங்கி, அதோடு வாய் வைத்துக் குடித்தார். நெஞ்செல்லாம் நனைந்தது. “தண்ணி கொண்டுபோகேல்லையோ?” என்று அக்கா கேட்டாள். “ஊத்துண்டு போச்சு” என்றார்.

சம்பந்தம் நிச்சயமாயிற்று. மாமா என் பெரியப்பாவிடம் சொன்னாராம்: “ஆள் கடலிலை திரிஞ்சாலும் ஆசாரம் பிசகாத மனிசன். நான் கண்ணாலை கண்டனான்.” பெரியப்பா அதை ஊரெல்லாம் சொன்னார். கலியாண வீட்டில் வந்தவர்கள் அத்தானிடமே அதைச் சொல்லிப் பாராட்டினார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தோம். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. வெகுநாளைக்குப் பிறகு அவள் முன்வரிசையில் வந்து நின்று ஆட்களை உபசரித்தாள்.

அதற்குப் பிறகு அத்தான் வள்ளம் ஏறவில்லை. அது குருநகர்க் கரையில் வெயிலில் கிடந்து வெடித்தது என்று கேள்விப்பட்டோம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது. நான் புத்தூரிலிருந்து தாய்வீட்டுக்கு வரும்போதெல்லாம் பார்ப்பேன். சோற்றைக் குழைத்துத் தின்றுவிட்டு எழும்புவார். சேலை கொடியில் ஆடும், அவர் பார்க்கமாட்டார். யாராவது வேண்டுமென்றே, “லங்காவி எப்பிடி?” என்று சீண்டினால், “அதெல்லாம் இப்ப ஏன்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவார். எங்களைக் கூசவைத்த அந்தப் பேச்சு இல்லாமற்போன பிறகு வீடு அடங்கிப்போய்விட்டது. அக்காவே ஒருநாள் என்னிடம், “அவர் முந்தி மாதிரி ஏதும் அலட்டினாலும் பறவாயில்லை போல கிடக்கு” என்றாள்.

என் மூத்த பிள்ளை பிறந்த தீட்டான துடக்கைக் கழித்த அன்று இரு பகுதி ஆட்களும் உரும்பிராயில் கூடியிருந்தார்கள். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பிள்ளையோடு அறை வாசலில் இருந்தேன். யாரோ ஒரு பெரியவர் பழைய பல்லவியைத் தொடங்கினார்: சேற்றில் வள்ளம் இறுகினது, வெயில் எரித்தது, முட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் எங்கள் ஆட்கள் தொடாமல் வந்தது.

“நான் அண்டைக்குத் தாகமா இருந்தனான்” என்றார் அத்தான்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது.

“எத்தினையோ நாள் அந்தப் பேணியிலை குடிச்சனான். அண்டைக்குத்தான் குடிக்கேல்லை. அவனைப் பாத்து, ஏன் எனக்கு நீட்டுறாய் எண்டு கேட்டனான்.”

அக்கா கையிலிருந்த வெற்றிலைத் தட்டத்தைக் கீழே வைத்தாள். எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். எழும்பிப் போய்விடுவார், என்னையும் பிள்ளையையும் விட்டுவிட்டே போய்விடுவார் என்று பயந்தேன். மாமா பாக்குவெட்டியை மூடினார். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கும் தாகம்தான்” என்றார். “நீங்கள் வாங்கினால் நானும் வாங்குவன் எண்டு இருந்தனான்.”

கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழும்பிச் செருப்பைத் தேடினார்கள்.

அடுத்த நாள் காலை அத்தான் குருநகருக்கு வெளிக்கிட்டார். மாமாவையும் கேட்டார். மாமா முழங்கால் நோகிறது என்றார். என் கணவர் கூடப் போனார்.

சூசையின் வீட்டு முற்றத்தில் வலை காயப்போட்டிருந்ததாம். அவர் ஓடிவந்து, தோளில் கிடந்த துண்டால் வாங்குப் பலகையைத் துடைத்து இருவரையும் இருத்திவிட்டுத் தான் நின்றார். அத்தான் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. மனைவி, பிள்ளைகள், கடல் என்று சுகம் விசாரித்தார்கள். அத்தான் அந்தப் பழைய விஷயத்தைத் தொடங்கினார். இரண்டு சொல் சொல்லுமுன்னம் சூசை மறித்துவிட்டார்.

“அது பழங்கதை ஐயா. நான் அதை நினைக்கிறதுமில்லை. வெயிலுக்கை வந்திருக்கிறியள்.”

“தண்ணி தா, சூசை” என்றார் அத்தான்.

சூசை வளவுப்பக்கம் திரும்பி, “ஐயாமாருக்கு இளநி ரெண்டு வெட்டிக் கொண்டு வா” என்று மகளிடம் சொன்னார். எங்கள் ஆட்கள் கரைப்பக்கம் போனால் இளநீர்தான் கொடுப்பார்கள். கோம்பைக்குள் இருப்பதில் ஒருவர் கையும் பட்டிருக்காது என்று அதற்கு ஒரு நியாயம்.

“இளநி வேண்டாம். உன்ரை முட்டித் தண்ணி தா.”

சூசை சிரித்தாராம். கோபமும் இல்லை, குத்தலும் இல்லை, மரியாதையான சிரிப்பு என்று என் கணவர் சொன்னார்.

“இஞ்சத்தைத் தண்ணி உவர் ஐயா. உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.”

இளநீர் வந்தது. மகள் இரண்டு கையாலும் நீட்டினாள். அத்தான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு குடித்தார். முழுவதையும் குடித்துமுடித்து, கோம்பையை வாங்கில் வைத்து, “போட்டு வாறன்” என்றார். சூசை படலைவரை வந்து வழியனுப்பினார்.

பஸ்ஸில் ஏறி இருந்தார்கள், பட்டணம் தாண்டிற்று. தோட்டங்கள் வரத் தொடங்கின பிறகு அத்தான் என் கணவரின் பக்கம் திரும்பினார்.

“அந்தத் தண்ணி உவரில்லை, தம்பி” என்றார். “நான் குடிச்சிருக்கிறன்.”